பால்கனி டைல்ஸ் வழியாகத் தண்ணீர் ஒழுகிய வீட்டுக்காரர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி மூன்றாம் மாடி

மழை விட்டு நாளாகியிருந்தது. கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் பால்கனிக்கு மேலே உப்பு பூத்து, ஓர் இடத்தில் வெள்ளையாகக் கூம்பு போல் தொங்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே என் பால்கனியிலோ டைல்ஸ் காய்ந்து கால் சுடுகிறது. கொத்தனார் வந்து ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே போனார். சுவர் ஓரமெல்லாம் கெட்டிச் சத்தம், நடுவில் 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம். அங்கே ஒன்றைப் பெயர்த்து, அடியில் இருந்த கலவையை அள்ளிக் கையில் பிழிந்தார். தண்ணீர் வடிந்தது. சிமென்ட் போட்ட கலவை ஆற்று மணலாகிக் கிடந்தது. அந்தக் கையை இன்னும் மறக்க முடியவில்லை. கான்கிரீட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் வாட்டர்ப்ரூஃபிங் என்று எதுவுமே போடவில்லை. உங்கள் வீட்டில் எப்படித் தெரிய வந்தது?

செம்பருத்தி

எங்களுக்கு எறும்புதான் காட்டிக் கொடுத்தது. டைல்ஸ் இடுக்கிலிருந்து தினமும் மணலை வெளியே தள்ளி வைக்கும். பெருக்கினால் மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். பழைய கிரவுட்டை, அதாவது டைல்ஸ் இடுக்கை அடைக்கும் சிமென்ட் கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிசின் வகையான எபாக்ஸி கிரவுட் போட்டோம், கசிவு நின்றது. முழுவதும் உடைக்க வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள், அவசரப்படாதீர்கள். இன்னொன்று, டைல்ஸ் பளிச்சென்று இருக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிறவர்கள் உடனே நிறுத்துங்கள். சிமென்ட் கிரவுட்டை அது அரித்துவிடும்.

மேஸ்திரி வீட்டுப் பிள்ளை

செம்பருத்தி அக்கா, ஆசிட் விஷயம் சரி. எபாக்ஸி போட்டால் போதும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே அடியில் தேங்கிய தண்ணீர் எங்கே போகும்? மேலே அடைத்துவிட்டால் அது கான்கிரீட்டுக்குள்தான் இறங்கும். அப்பாவோடு ஒரு வேலைக்குப் போயிருந்தபோது பால்கனியின் அடிப்பக்கம் உப்பியிருந்த பூச்சைத் தட்டினோம். பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி துருவாக உரிந்து அப்பா விரலோடு வந்தது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால்தான் கான்கிரீட்டையே பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

புதிதாகப் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரைக் குறைக்கும், தடுக்காது. தடுக்க வேண்டியது அதற்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. முதலில் தளத்திலேயே வாட்டம் கொடுக்க வேண்டும், மீட்டருக்கு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர். டைல்ஸ் ஒட்டும்போது கலவையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் வைத்தால், மேலே ஓடும் தண்ணீர் ஓடும், உள்ளே இறங்கியது அங்கேயே நிற்கும். அப்புறம் தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்து மூடிவிட்டு, இரண்டு கோட் பூச்சு, ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே. சுவரில் 15 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். கதவு நிலைக்கு அடியிலும் போக வேண்டும், பாதிப் பேர் விடுவது அங்கேதான். அது காய்ந்ததும் வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டில் போய்ப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ். ஒட்டும்போது நாலு மூலையில் கலவை வைத்து அமுக்கவே கூடாது, டைல் முழுக்கப் பிடிக்க வேண்டும். வெற்றுச் சத்தம் வருவது பெரும்பாலும் அதனால்தான். சுவரை ஒட்டிய இடுக்கில் கிரவுட் வேண்டாம். வெயிலில் டைல்ஸ் விரியும்போது அது வெடித்துவிடும். வளைந்து கொடுக்கும் சீலன்ட் போடுங்கள்.

அடையாறு வடக்கு

எங்கள் வீட்டில் தரை நன்றாகத்தான் இருந்தது. துரு பிடித்ததை மாற்றி எவர்சில்வர் கைப்பிடி போட்டவர்கள், டைல்ஸைத் துளைத்து போல்ட் இறக்கியிருந்தார்கள். எங்கே ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் பிளம்பர் தம்பி ஒரு குவளைத் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து, கம்பியின் அடியில் மட்டும் மெதுவாக ஊற்றினார். கீழ் வீட்டுக்காரர் போனில், "சார், நீலமா வருது சார்!" என்றார். துளையைச் சுத்தம் செய்து சீலன்ட் அடைத்தோம், அதோடு சரி. உடைப்பதற்கு முன்னால் இந்த நீலத்தை ஊற்றிப் பாருங்கள்.

பாதாம் மர நிழல்

மேஸ்திரி தம்பி சொன்னது அத்தனையும் எங்கள் வீட்டில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்று ஒன்றும் உதவவில்லை. வடிகுழாய் ஒன்றே ஒன்று. அதன் ஜாலியில் ஒரே ஒரு பாதாம் இலை தட்டுப் போட்டு மூடியது மாதிரி ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கதவு நிலையைத் தாண்டி ஹாலுக்குள் வந்துவிட்டது. மர நிலை உப்பி, இன்று வரை கதவு முழுதாகச் சாத்தவில்லை. இப்போது கைப்பிடிச் சுவரில் வாசலைவிடத் தாழ்வாக ஒரு தூம்பு வைத்திருக்கிறோம். குழாய் அடைத்தாலும் தண்ணீர் வெளியே கொட்டிவிடும். இதைச் சொல்லாமல் பூச்சைப் பற்றி மட்டும் அத்தனை வரி எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை.

புது ஃபிளாட் 2021

எங்களுக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் ஆள் அனுப்பி, டைல்ஸ் மேலேயே கண்ணாடி மாதிரி ஒரு கெமிக்கலைத் தெளித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கறை. வாய்ப் பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் கொடுத்த பிறகுதான் பெயர்த்துப் போட்டுத் தந்தார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3)-ஐப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை, வேலைக் குறை எதைத் தெரிவித்தாலும், 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. கொத்தனாரை வைத்து டைல்ஸைப் பெயர்ப்பதற்கு முன்னால் தேதியோடு போட்டோ எடுத்து, கடிதம் கொடுத்துவிடுங்கள். பெயர்த்த பிறகு போனால், நீங்கள் உடைத்ததால்தான் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.