டிராம் பாடம்: டோல், ஃபேர், ஃப்ரைட் மூன்றுக்கும் 'கட்டணம்' தானா?

பாடநூல்காரி:

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளாதார வரலாற்றுக்காக ஒரு பாடம் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் தொடக்ககால மின் டிராம்களை அரசு எப்படிக் கட்டுக்குள் வைத்தது என்பது பொருள். 1870ஆம் ஆண்டு டிராம்வே சட்டமும் அதையொட்டி ஊருக்கு ஊர் பிறந்த ஆணைகளும்தான் அடிப்படை. வேகம், நிறுத்தம், முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் உள்ள இடைவெளி, இவற்றுக்கெல்லாம் உள்ளாட்சி துணைவிதி போடலாம். தண்டவாளம் வழியே திரும்பும் மின்சாரத்தில் 7 வோல்ட்டுக்கு மேல் அழுத்த வேறுபாடு கூடாது என்று வணிக வாரியம் (போர்டு ஆஃப் டிரேட் என்னும் அரசுத் துறை) விதித்தது. இதுவரை வண்டி ஓடிவிட்டது. காசுப் பகுதியில்தான் தடம் புரண்டது. மூலத்தில் டோல் (பாதையைப் பயன்படுத்தத் தருவது), ஃபேர் (பயணி தருவது), ஃப்ரைட் (சரக்குக்குத் தருவது) மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றுக்கும் 'கட்டணம்' போட்டால், "கட்டணத்துக்கு மிகாமல் கட்டணம் வசூலிக்கலாம்" என்று வாக்கியம் பல்லிளிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைகொடுங்கள்.

சொல்லேர்:

அம்மா, கையில் வெண்ணெய் இருக்கிறதே! டோல் என்றால் உல்கு. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து போவது "உல்குடைப் பெருவழி"யில்தான். வழியைப் பயன்படுத்துவதற்காக இறுப்பது உல்கு. வள்ளுவரும் 'உல்கு பொருள்' என்கிறார். ஆளுக்கு ஆளுல்கு, சரக்குக்குச் சரக்குல்கு. முடிந்தது.

வழிப்போக்கன்:

ஆளுல்கா? கண்டக்டர் கேட்டால் பயணி இறங்கி ஓடிவிடுவார். தவிர, உல்கு என்பதே வடமொழி 'சுல்க'த்தின் மறுவடிவம் என்று ஒரு தரப்பு உண்டு, ஐயா. தூய்மைக்காகத் தேடிப் போனது கடைசியில் அங்கேயே போய் நிற்கப்போகிறது.

சொல்லேர்:

தலைகீழ்ப் பாடம். உல்கு அங்கே போய்த்தான் சுல்கம் ஆனது. 'உல்' என்னும் வேரை எடுத்துக்கொண்டால்... (நீளமாக இருப்பதால் தனி இழையில் இடுகிறேன். நான்கு பகுதிகள் வரும்.)

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேர் ஆராய்ச்சி வளரட்டும். நான் எளிய வழி சொல்கிறேன். ஏறுபவர் தருவது ஏறுகூலி. ஏற்றப்படுவதற்குத் தருவது ஏற்றுகூலி. தன்வினை, பிறவினை. இரண்டும் ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. மாணவர்க்கு இலக்கணமும் சேர்ந்து பதியும்.

புக்கிங் ஆபீஸ்:

சார், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லாரி செட்டில் வந்து கேட்டுப் பாருங்கள். ஏத்துகூலி என்றால் மூட்டையை வண்டியில் தூக்கிப் போடும் லோடுமேனுக்குக் கொடுப்பது. இறக்குகூலி அந்தப் பக்கம் இறக்குகிறவருக்கு. வண்டிக்காரனுக்குக் கொடுப்பது வாடகை. பில்லில் மூன்றும் தனித்தனிக் கட்டம். உங்கள் பாடம் படித்த பையன் நாளைக்கு என் ஆபீசுக்கு வேலைக்கு வந்தால் கணக்கு அடி வாங்கும்.

கரிசல்:

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இதற்கென்றே சொல் இருக்கிறது: சத்தம். "பருத்தி கொண்டுபோக வண்டிச்சத்தம் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அகராதியிலும் உண்டு. ஃப்ரைட்டுக்கு இதைவிட நேரான சொல் கிடையாது. டிராம்சத்தம்!

வழிப்போக்கன்:

"நகராட்சி டிராம்சத்தத்தைக் கட்டுப்படுத்தியது" என்று எழுதிப் பாருங்கள் அண்ணாச்சி. மாணவன் ஒலி மாசு என்றே விடை எழுதுவான். நியாயமான விடைதான்.

வட்டுக்கோட்டையான்:

சொல்லுக்கு முதல் பொருளைக் கதைப்பம். ஏன் டோல் என்று எழுதினவங்கள்? சுங்கச்சாவடி றோட்டுகளில் இருந்து வந்த பழக்கம் அது. பாதை ஒருவருடையது, வண்டி இன்னொருவருடையது. 1870 சட்டத்தின் 35ஆம் பிரிவும் அதைத்தான் நினைக்கிறது. பாதை திறந்து மூன்று வருடம் போன பிறகும் சனங்களுக்கு முழுப்பயன் கிடைக்கவில்லை என்றால், வேறு ஆட்களுக்கும் அந்தத் தண்டவாளத்தில் வண்டி ஓட்ட அனுமதி கொடுக்கலாம். 1886ஆம் ஆண்டு இந்திய டிராம்வே சட்டமும் பாதையைப் பாவிப்பதற்கு அறவிடும் எல்லாவற்றையும் டோல் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. ஆகவே அது 'பாதைப் பாவனைக் கட்டணம்'. கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் ட்ராம்கார் 1960 வரைக்கும் ஓடினது, எங்களுக்கும் கொஞ்சம் உரித்து உண்டு!

வழிப்போக்கன்:

விளக்கம் முதல் தரம். ஆனால் இலங்கையில் 'பாவனை' என்றால் பயன்பாடு, இங்கே நடிப்பு. கட்டணம் கொடுத்ததுபோல் பாவனை என்று படித்துவிடுவார்கள்.

வட்டுக்கோட்டையான்:

பெரும்பான்மைக்கு விளங்காத சொல் என்றால் எங்கட சொல்தான் எப்பவும் விட்டுக்கொடுக்க வேணும், என்ன?

பாடநூல்காரி:

அண்ணை, கோபம் வேண்டாம். 35ஆம் பிரிவு பற்றி நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே முடிச்சு அவிழ்ந்தது. ஆணைகளின் அட்டவணையில் எல்லாமே உச்சவரம்புதான். பெரும்பாலும் பயணிக்கு மைலுக்கு 1 பென்னி, தொழிலாளர் வண்டியில் அரை பென்னி. 28 பவுண்டு வரை சொந்த மூட்டைக்குக் காசில்லை. சரக்குக்குத் தனி வரம்பு உண்டு, ஆனால் சரக்கை ஏற்றியே தீர வேண்டும் என்ற கடமை கம்பெனிக்கு இல்லை. பயணியை மறுக்க முடியாது, மூட்டையை மறுக்கலாம். அதனால்தான் ஃபேரையும் ஃப்ரைட்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

புக்கிங் ஆபீஸ்:

டிராமில் சரக்கா? பார்சல் பை என்று நினைத்தேன்.

பாடநூல்காரி:

1904இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகராட்சி நிலக்கரிக்கென்றே மின் டிராம் வண்டிகள் விட்டு, மேட்டிலிருந்த மில்களுக்குக் கரி கொண்டுபோனது. 1895 மே 7 அன்று தொடங்கிய நம் சென்னை டிராமும் துறைமுகத்துக்கும் நகருக்கும் இடையே ஆளோடு சரக்கையும் சுமந்தது.

சொல்லேர்:

டிராம், டிராம் என்கிறீர்களே! தெருவோடு தெருவாகத் தண்டவாளம் அமிழ்ந்து கிடப்பதால் 'அமிழ் தண்டூர்தி' என்று இணையத்தில் வழங்குகிறதே, அது கண்ணில் படவில்லையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

1953இல் சென்னையில் ஓட்டத்தை நிறுத்திய நாள் வரை ஜனங்கள் அதை டிராம் என்றுதான் கூப்பிட்டார்கள். செத்துப்போனதற்கு இப்போது பெயர்சூட்டு விழா எதற்கு, தம்பி?

பாடநூல்காரி:

வியாழன் இரவு ஆகிவிட்டது. கைதூக்கியவர்களை எண்ணி இப்படி முடித்திருக்கிறேன்: ஃபேர் – பயணக் கட்டணம், ஃப்ரைட் – சரக்குக் கட்டணம் (வன்தொடர்க் குற்றியலுகரம், 'க்' உண்டு, ஆசிரியர் ஐயா மன்னிக்கத் தேவையில்லை), டோல் – தடக்கூலி. 'தடம்' பாதையையும் தண்டவாளத்தையும் ஒருங்கே சுட்டும். சத்தத்தை அடிக்குறிப்பில் காப்பாற்றியிருக்கிறேன். டிராம் டிராமாகவே இருக்கும்.

கரிசல்:

அடிக்குறிப்பா? அதை யார் படிக்கிறார்கள்! என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும்.

சொல்லேர்:

"தடவும் கயவும் நளியும் பெருமை" என்பது தொல்காப்பியம். தடக்கை பெரிய கை என்றால் தடக்கூலி பெருங்கூலி. உச்சவரம்பு போட்ட கூலியைப் பெருங்கூலி என்கிறது உங்கள் பாடம். உல்கு இழையின் இரண்டாம் பகுதி நாளை வரும்.