கூடலூர் மழை: ஐந்து வாரக் குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம், உதவி தேவை

தேயிலைமேடு:
வணக்கம். கூடலூர் பக்கம் மலைச்சரிவில் வீடு. ஜூனில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. முதல்முறையாக 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். சிமென்ட் தரை, மேலே மரத்தூள். சாரல் அடிக்காமலிருக்க நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. நேற்றிலிருந்து நாலைந்து குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கின்றன, தீனி எடுக்கவில்லை. எச்சத்தில் ரத்தம். கொட்டகைக்குள் போனால் கண் எரிகிறது. குளிர்தான் காரணமா? பல்பு போட்டால் சரியாகுமா?

வால்பாறை அக்கா:
பல்பு அப்புறம் தம்பி. ஐந்து வாரத்தில் இறகு வந்துவிடும். உடம்பு நனையாமல் இருந்தால் இந்தக் குளிரைத் தாங்கும். இது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல். காக்சிடியா கிருமி எச்சத்தோடு விழுந்து, ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். குஞ்சுகள் கூளத்தைக் கொத்தும்போது குடலுக்குள் போகிறது. பினாயில் தெளித்தால் சாகாது.

இன்றைக்கே புது எச்சத்தைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ஆம்புரோலியம் என்ற மருந்தை எழுதித் தருவார்கள், அளவை அவர்களே சொல்லட்டும். தீனியை விட்ட குஞ்சும் தண்ணீர் குடிக்கும், அதனால்தான் மருந்தைத் தண்ணீரில் கலப்பது. வெளியே தேங்கிய மழைத்தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், அதைக் குடித்தால் மருந்துத் தண்ணீரைத் தொடாது. சோர்ந்தவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள்.

தேயிலைமேடு:
கிளம்பிவிட்டேன் அக்கா. மரத்தூளை மாற்ற வேண்டுமா? காயவைக்க வெயிலே இல்லையே.

பந்தலூர் கொட்டகை:
முழுதும் அள்ளிவிடுங்கள். கண் எரிவது அம்மோனியா. ஈர எச்சத்தில் கிளம்பி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது. மழைக்குப் பயந்து எல்லாரும் மூடத்தான் பார்க்கிறார்கள், ஆனால் நம் ஊரில் கோழிக்குக் காற்றுதான் மருந்து. சாரல் அடிக்கும் மேற்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய் போதும், அதிலும் கூரைக்குக் கீழே ஒரு அடி திறந்திருக்கட்டும். கூரையை மூன்றடி வெளியே நீட்டுங்கள்.

கூளத்துக்கு நெல் உமியோ மரச்சீவலோ நல்லது. மூன்று அங்குலம் பரப்பி, தினமும் கிளறுங்கள். ஒரு கைப்பிடி பிழிந்து பாருங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம், உதிர்ந்தால் சரி. முதலில் நனைவது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான், அதைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

உமிமூட்டை:
தரையை விட்டு இரண்டடி உயரத்தில் மரச்சட்டம் அடித்துக் கூண்டு கட்டினால் எச்சம் கீழே விழுந்துவிடும், கூளமே வேண்டாம்.

பந்தலூர் கொட்டகை:
பெரிய கோழிக்குச் சரி சார். குஞ்சுக்குச் சட்டங்களின் இடைவெளி பெரிதானால் கால் சிக்கும், கீழிருந்து குளிர்காற்றும் அடிக்கும். இன்னொன்று, மக்காச்சோளத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவியும் போடக்கூடாது, அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுத்துவிடும்.

தேயிலைமேடு:
டாக்டர் பார்த்துவிட்டு ரத்தக் கழிச்சல்தான் என்றார். இரண்டு போய்விட்டன, மனசு கேட்கவில்லை. மற்றவை இன்று தீனிக்கு ஓடிவருகின்றன. பிறந்த ஏழாம் நாளில் வெள்ளைக் கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) தடுப்பு மருந்தாகக் கண் சொட்டு விட்டாயிற்று. அடுத்த ஊசியை இப்போதே போடலாமா?

வால்பாறை அக்கா:
இப்போது வேண்டாம். நோயில் இருக்கும் குஞ்சுக்கு ஊசி பலன் தராது. நன்றாகத் தேறட்டும், எட்டு வார வயது முடிந்ததும் அதே வெள்ளைக் கழிச்சலுக்கான ஆர்2பி தடுப்பூசி போடுங்கள். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் எடுத்து வந்து, கலக்கியதும் உடனே போட்டுவிட வேண்டும்.