எட்டு மாடு வாங்க எக்ஸெல் கணக்கு போட்டேன், மாமனார் வராது என்கிறார். எங்கே தப்பு?

கவுந்தப்பாடி மருமகள்:

வணக்கங்க. கவுந்தப்பாடி பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கட்டுத்தரையில் இப்போது நாலு ஜெர்சி கலப்பு மாடு. இன்னும் எட்டு வாங்கிப் பன்னிரண்டாக்கலாம் என்று நானும் வீட்டுக்காரரும் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினேன். அதனால் எக்ஸெல் ஷீட் போட்டுப் பார்ப்பது என் பொறுப்பு.

புது மாடு எட்டுக்கும் போட்ட கணக்கு இது. மாட்டுக்கு 10 லிட்டர், ஒரு நாளைக்கு 80. பால் சங்கத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு இல்லாத திடப்பொருள்) பார்த்து எங்களுக்கு லிட்டருக்கு 36 ரூபாய் விழுகிறது. 365 நாளுக்கு 10,51,200. தீவனம் மாட்டுக்கு நாளொன்றுக்கு 190 வீதம் 5,54,800. மாடு, கொட்டகை, கறவை மெஷின் எல்லாவற்றுக்கும் சேர்த்து வங்கியில் 6 லட்சம் கடன். 10 சதவீத வட்டி, ஐந்து வருடம், மாதத் தவணை 12,748. எல்லாம் போக வருடத்துக்கு 3,43,000 நிற்கிறது.

மாமனாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு வராது கண்ணு" என்றார். எங்கே தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாக மாடு வைத்திருப்பவர், சும்மா சொல்ல மாட்டார். இன்னொன்று, மாதச் சந்தா கட்டுகிற பண்ணை ஆப் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். அது இதையெல்லாம் சரியாகக் காட்டுமா?

காங்கேயத்துக்காரர்:

அம்மிணி, உங்கள் மாமனார் சொன்னது சரி. தப்பு அந்த 365இல் இருக்கிறது. கன்று போட்ட மாடு பத்து மாதம் கறக்கும். அதற்கு மேல் கறந்தாலும் சொற்பம்தான், கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த கன்றுக்குப் புத்தகம் 12, 13 மாதம் என்று சொல்லும். நம் கட்டுத்தரையில் சினை ஊசி ஒன்றிரண்டு தவறி 14 மாதம் ஆகிவிடுகிறது. 14இல் 10 என்றால் வருடத்துக்கு 261 நாள் பால். 80 லிட்டரை 36 ரூபாய்க்கு 261 நாள் போடுங்கள், 7,51,680தான் வருகிறது.

வற்றின மாடும் தின்னும். மீதி 104 நாளுக்கு மாட்டுக்கு 110 ரூபாய் என்று வைத்தால் தீவனம் மொத்தம் 4,88,240. தவணையும் கழித்தால் மிச்சம் 1,10,000 சொச்சம். மருந்து, காப்பீடு, கரண்ட், உங்கள் இருவர் கூலி எதையும் நான் இன்னும் தொடவில்லை. 10 லிட்டர் சராசரி என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள். இரண்டாம் மாதம் 13, 14 கறக்கிற மாடு பத்தாம் மாதம் 5, 6க்கு இறங்கினால்தான் அந்தச் சராசரி நிற்கும்.

பொள்ளாச்சி தோப்பு:

அண்ணன் வருடக் கணக்கைத் திருத்திவிட்டார். ஆனால் என்னைக் கவிழ்த்தது மாதக் கணக்கு. ஆறு மாட்டையும் ஒரே மாதத்தில், எல்லாமே கன்று போட்ட கையோடு வாங்கினேன். பத்து மாதம் நன்றாக ஓடியது. மீந்த பணத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். பதினோராம் மாதம் ஆறும் ஒன்றாக வற்றியது. தவணை கட்ட இரண்டு சினை மாட்டைக் கருங்கல்பாளையம் சந்தையில் கிடைத்த விலைக்குக் கொடுத்தேன். அதில் ஒன்று என் மகள் வளர்த்த கிடாரி, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உங்கள் எட்டும் ஒன்றாக வற்றினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். தீவனம் 26,400, தவணை 12,748. மாதம் 39,000, நாலு மாதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதனால் ஷீட்டை மாற்றுங்கள். குறுக்காக மாதங்கள், கீழே ஒரு மாட்டுக்கு ஒரு வரி. வரியின் முதல் கட்டத்தில் கன்று போட்ட தேதி. அதிலிருந்து பத்து மாதம் பால், நாலு மாதம் வற்று என்று ஃபார்முலா தானாக நிரப்ப வேண்டும். கடைசி வரியில் அந்தந்த மாத வரவில் செலவும் தவணையும் போக நிற்கும் பணம். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிவப்பாகும்படி செய்துவிடுங்கள்.

அப்புறம், மாட்டை இரண்டு தடவையாக வாங்குங்கள். நபார்டு வங்கியின் மாதிரித் திட்டங்களிலும் ஐந்தாறு மாத இடைவெளி விட்டுத்தான் வாங்கச் சொல்கிறார்கள்.

கோபி வாய்க்கால்கரை:

ஆப் பற்றிக் கேட்டீர்கள். ஊசி போட்ட தேதி, ஒவ்வொரு மாட்டின் பால் இவற்றைப் பதிய ஆப் நல்லது, மறதிக்கு இடமில்லை. கடனுக்குக் கணக்குப் பார்க்க உங்கள் ஷீட்டே போதும்.

அதில் புல்லுக்கும் ஒரு வரி வையுங்கள். சி.ஓ. 5 கம்பு நேப்பியர் தீவனப்புல்லின் கரணை (தண்டுத் துண்டு) நட்டு முதல் அறுப்புக்கு 75, 80 நாள் ஆகும். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். மாடு வந்த பிறகு நட்டால் இரண்டரை மாதம் சோளத்தட்டை விலைக்கு வாங்க வேண்டும், 190 ரூபாய் பத்தாது. தீவனச் செலவுக்கு உழவர் கடன் அட்டையைக் கேளுங்கள். 2018-19இலிருந்து மாட்டுக்கும் தருகிறார்கள். அந்தக் கடனைத் தவணைக் கடனோடு கலக்காமல் தனி வரியில் போடுங்கள்.

கவுந்தப்பாடி மருமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போட்டேன். தையில் நாலு, ஆடி தாண்டி ஆவணியில் நாலு. முதல் பதினாலு மாதத்தில், முதல் நாலும் வற்றுகிற கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான் சிவப்பு, மாதம் 5,500 ரூபாய். பழைய நாலு மாடு எப்போது கன்று போடும் என்று மாமனாரிடம் கேட்டேன். உள்ளே போய்த் தினசரிக் காலண்டரை எடுத்து வந்தார். ஊசி போட்ட நாளெல்லாம் அந்தந்தத் தாளில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்! இரண்டு மாடு கார்த்திகையில் கன்று போடும்படி ஊசி நாளைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதையும் சேர்த்தால் அந்தச் சிவப்பு போய்விடுகிறது.

புல்லை ஐப்பசியில் நட்டுவிட வேண்டும். பவானி, அந்தியூர் பக்கம் யாரிடமாவது சி.ஓ. 5 கரணை இருக்குங்களா? அரை ஏக்கருக்கு வேண்டும்.