14 வருடம் வேலை பார்த்த லேத் பட்டறையை வாங்க 38 லட்சம்: எப்படிப் புரட்டுவது?

கணபதி_டர்னர்:
வணக்கங்க. கோவையில் கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளுக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்து தரும்) பட்டறையில் 14 வருடமாக இருக்கிறேன், கடைசி ஆறு வருடம் சூப்பர்வைசர். முதலாளிக்கு 67 வயது, பையன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில் இருப்பதால் பட்டறையை ஓட்டத்தோடு கொடுத்துவிட நினைக்கிறார், வெளியாளிடம் போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி டர்னிங் மெஷின் 2, சாதா லேத் 3, மில்லிங் ஒன்று, ரேடியல் டிரில் ஒன்று. முக்கால்வாசி பம்புசெட் ஷாஃப்ட் வேலை. மெஷின்களுக்கு 24 லட்சம், டூல்ஸும் ஸ்டாக்கும் 4, பட்டறையின் பேருக்கும் ஆர்டருக்கும் 10, ஆக 38 லட்சம் சொல்கிறார். கட்டடம் வாடகை.

மாதம் ஒரு லட்சம் நிற்கும் என்கிறார், நான் பார்த்தவரை அது பொய்யில்லை. ஆனால் ஐடி ரிட்டர்னில் வருடத்துக்கு 7 லட்சம்தான் காட்டியிருக்கிறார். என் கையில் 9 லட்சம், அப்புறம் மனைவியின் நகை. வீடு, நிலம் எதுவும் இல்லை. அடமானம் இல்லாத முத்ரா கடன் திட்டத்தில் 20 லட்சம் கிடைக்கும், அரசு மானியம் 25 சதவீதம் உண்டு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது உண்மை? எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஓய்வுபெற்ற_மேனேஜர்:
தம்பி, முதலில் அந்த மானியக் கணக்கைத் தள்ளி வையுங்கள். தமிழக அரசின் நீட்ஸ், மத்திய அரசின் பிஎம்இஜிபி, இந்த மானியத் திட்டங்கள் இரண்டுமே புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையைக் கைமாற்றி வாங்க அந்த மானியம் வராது. புதுசு மாதிரிக் காட்டி வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் பக்கத்தில் சேர்க்காதீர்கள், பின்னால் மாட்டுவது நீங்கள்தான். முத்ராவில் 20 லட்சம் என்பது 2024 பட்ஜெட்டில் வந்த தருண் பிளஸ் என்ற பிரிவு, ஏற்கனவே முத்ராவின் தருண் பிரிவில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும். முதல் தடவை போகிறவருக்கு உச்சம் 10 லட்சம்.

உங்களுக்குப் பொருத்தம் சாதாரண டேர்ம் லோன், அதாவது குறிப்பிட்ட வருடங்களில் தவணையாக அடைக்கும் பேங்க் கடன். சொத்து அடமானம் இல்லாததால் சிறு தொழில் கடன்களுக்கான சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில் போட முடியுமா என்று கேளுங்கள். அது பேங்குக்குத் தரும் உத்தரவாதம், கட்டாமல் விட்டால் உங்கள் கடன் தள்ளுபடி ஆகாது, அதன் கட்டணமும் பொதுவாக உங்கள் தலையில்தான் வரும்.

பேங்க் பார்ப்பது மெஷினை. பழைய மெஷின் என்பதால் சார்ட்டர்டு இன்ஜினியரிடம் (மெஷினை மதிப்பிட்டுச் சான்று தரும் தகுதிபெற்ற பொறியாளர்) மதிப்பீடும் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்ற சான்றும் கேட்பார்கள், அவர் போடும் தொகை 24க்குக் கீழே இறங்கினால் கடனும் இறங்கும். பேருக்கும் ஆர்டருக்கும் சொல்லும் அந்த 10 லட்சத்துக்குக் கடன் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 20 லட்சம், 11 சதவீதம், 7 வருடம் என்றால் மாதம் சுமார் 34,250 ரூபாய். அதையே 5 வருடத்தில் அடைப்பதென்றால் 43,500. ரிட்டர்ன்படி மாத வருமானம் 58,000தான், பேங்க் மேனேஜர் கண்ணில் படுவது அந்த எண்தான். உங்கள் முதலாளியுடைய ஜிஎஸ்டி ரிட்டர்ன், கரண்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் இரண்டையும் வாங்குங்கள், உண்மையான வரவு அங்கே தெரிந்தால் நீங்கள் பேசுவதற்கு இடம் இருக்கிறது.

பீளமேடு_பட்டறை:
நானும் 2017ல் இப்படித்தான் ஒரு பட்டறை வாங்கினேன், அதனால் சொல்கிறேன். பணம் முழுக்கக் கொடுத்து மூன்று மாதம் கழித்து ஒரு பேங்க்காரர் வந்து மில்லிங் மெஷின் எங்களிடம் அடமானத்தில் இருக்கிறது என்றார். விற்றவர் அதைச் சொல்லவே இல்லை. அந்தக் கடனை நான்தான் அடைத்தேன், வீட்டில் அந்த வருடம் தீபாவளிக்குத் துணிகூட எடுக்கவில்லை. உங்கள் முதலாளி நல்லவராகவே இருக்கலாம், இருந்தாலும் அவர் கணக்கு வைத்திருக்கும் பேங்கிலிருந்து பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

அந்த 10 லட்சத்தை முதலாளியிடமே தவணையாகக் கேளுங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான். பம்பு கம்பெனிகள் அவர் முகத்துக்காக ஆர்டர் கொடுக்கின்றன, அவர் போனதும் ரேட்டைக் குறைக்கச் சொல்வார்கள், அல்லது வேறு பட்டறைக்குப் போவார்கள். இரண்டு வருடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2.5 லட்சம், பெரிய பார்ட்டி விலகினால் அதற்கேற்பக் குறையும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதமாவது அவர் கூட வந்து உட்காரட்டும். 14 வருடம் பார்த்தவர் உங்களுக்கு இதை மறுக்க மாட்டார்.

அப்புறம் நகை, 9 லட்சம் எல்லாவற்றையும் வாங்குவதிலேயே போட்டுவிடாதீர்கள். வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் சிறு தொழிலுக்குப் பணம் வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எனக்கு 90 நாள் ஆன பார்ட்டியும் உண்டு. அதுவரை கூலி, கரண்ட் பில், வாடகை நிற்காது. அந்த இடைவெளியில்தான் பைனான்ஸ்காரர் 12 சதவீதம் ஃபிளாட் (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி) என்று வருவார். 10 லட்சத்துக்கு 3 வருடம் கட்டினால் மாதம் 37,778, குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

வரி_ஆலோசகர்_ஈரோடு:
மேலே சொல்லாதது மட்டும். மெஷினைத் தனித்தனியாக பில் போட்டு வாங்கினால் ஜிஎஸ்டி வரும். ஓடும் தொழிலை அப்படியே மொத்தமாக மாற்றினால் விலக்கு உண்டு, ஆகவே ஒப்பந்தத்தின் வாசகம் முக்கியம். முதலாளியின் ஜிஎஸ்டி எண்ணை நீங்கள் ஓட்ட முடியாது, அது அவர் பான் எண்ணில் இருப்பது, உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். அவருக்கு மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (வாங்கிய பொருளுக்குக் கட்டி, கழித்துக்கொள்ள வேண்டிய ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்தில் உங்களுக்கு மாற்றலாம்.

அதைவிடப் பெரியது: தொழிலை மாற்றும் நாள்வரை அவர் வைத்திருக்கும் ஜிஎஸ்டி பாக்கிக்கு வாங்குகிறவரும் சேர்ந்தே பொறுப்பு, ஜிஎஸ்டி சட்டம் 85வது பிரிவு. தொழிலாளர்களின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பாக்கியிலும் இந்தச் சிக்கல் உண்டு. பழைய பாக்கி வந்தால் தவணையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேருங்கள், மேலே நண்பர் சொன்ன தவணை முறை அதற்கும் உதவும். கட்டட ஓனரிடம் உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் மெஷினுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கணபதி_டர்னர்:
எல்லோருக்கும் மனசார நன்றிங்க. மெஷின் அடமானம் பற்றி நான் யோசிக்கவே இல்லை, சிஎன்சி இரண்டும் கடனில் எடுத்ததுதான், முடிந்ததா என்று தெரியவில்லை. நாளைக்கு அவரிடம் கேட்கிறேன். தவணை பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, என் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர் அவர்.

ஓய்வுபெற்ற_மேனேஜர்:
கூச்சப்படாமல் பேசுங்கள் தம்பி. மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் அதோடு போய் உட்காருங்கள், தொகையை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, தாளே சொல்லும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கிடைத்தால் இங்கே மாத விற்பனையை மட்டும் போடுங்கள், எவ்வளவு கடன் தாங்கும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.