பெரிய வீடு குழு: மெஷின் பைப் வீங்கியிருக்கிறது

சத்துவாச்சாரி அத்தை: [படம்]
வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் வருகிற பைப் இது. டேப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு இடம் மட்டும் நெல்லிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. ஒழுகவில்லை. மெஷினும் நன்றாகத்தான் ஓடுகிறது. இப்படியே விடலாமா?

ஆரணி சித்தி: ஒழுகாத வரைக்கும் பயமில்லை அண்ணி. எங்கள் வீட்டிலும் பழைய பைப்தான்.

குடியாத்தம் பெரியப்பா: சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, கம்பி போட்டுக் கட்டும்மா. கிணற்று மோட்டார் பைப்புக்கு அப்படித்தான் கட்டுகிறோம். நிற்கிறது.

காட்பாடி அண்ணன்: அத்தை, முதலில் அந்த டேப்பை மூடுங்கள். மூடிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சத்துவாச்சாரி அத்தை: மூடிவிட்டேன் தம்பி. ஏன், அவ்வளவு அவசரமா?

காட்பாடி அண்ணன்: அவசரம்தான். பெரியப்பா, மோட்டார் பைப்பில் மோட்டார் ஓடும்போது மட்டும்தான் அழுத்தம். இது அப்படி இல்லை. தண்ணீரை நிறுத்துகிற வால்வு மெஷினுக்குள் இருக்கிறது, பைப் அதற்கு முன்னால் இருக்கிறது. டேப் திறந்தே இருந்தால் மெஷின் ஓடாத நேரத்திலும் மாடித் தொட்டித் தண்ணீர் அந்தப் பைப்பை அழுத்திக்கொண்டே இருக்கும். இரவு பகல் ஓய்வே கிடையாது. போதாததற்கு, வால்வு சட்டென்று மூடும் ஒவ்வொரு முறையும் ஓடிவந்த தண்ணீர் பைப்பை ஓர் அடி அடிக்கும். தண்ணீர் நிரம்பி நிற்கும்போது "டக்" என்று கேட்கிறதே, அதுதான்.

காட்பாடி அண்ணன்: அந்தப் பைப்பின் ரப்பருக்குள் நூல் பின்னல் இருக்கும். அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். ஓரிடம் வீங்கிவிட்டால் அங்கே பின்னல் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். மேலே எதைச் சுற்றினாலும் அந்தப் பலம் திரும்பாது. தயவுசெய்து கட்டுப் போட வேண்டாம்.

ஆரணி சித்தி: வெடித்தால் அவ்வளவு தண்ணீர் போகுமா?

காட்பாடி அண்ணன்: நிமிடத்துக்கு 10 லிட்டர் போனாலே 1000 லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரத்துக்குள் காலி சித்தி. நீங்கள் கடைக்குப் போய் வருவதற்குள் வீடு முழுக்கத் தண்ணீர். கோடையில் பாலாற்றில் மணலைத்தான் பார்க்கிறோம், காவிரித் தண்ணீர் விடும் நேரம் பார்த்துப் பிடித்து வைக்கிறோம். ஒரு தொட்டித் தண்ணீர் தரையில் போனால் எனக்கு மனசு ஆறாது.

குடியாத்தம் பெரியப்பா: நீ சொல்வது நியாயம். மாற்றிவிடும்மா.

காட்பாடி அண்ணன்: பைப் எத்தனை வருடம் ஆயிற்று அத்தை?

சத்துவாச்சாரி அத்தை: மெஷினோடு வந்ததுதான். பாப்பா பிளஸ் டூ படிக்கும்போது வாங்கினோம். இப்போது அவளுக்கே குழந்தை இருக்கிறது.

காட்பாடி அண்ணன்: அப்படியானால் எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது. 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. உங்கள் மெஷின் பின்கட்டில் வெயிலில் இருக்கிறது. நம் ஊரில் 40 டிகிரிக்கு மேல் அடிக்கிற வெயிலுக்கு ரப்பர் இன்னும் சீக்கிரம் வெடித்துப்போகும்.

சத்துவாச்சாரி அத்தை: லாங் பஜார் போனால்தான் கிடைக்குமா?

காட்பாடி அண்ணன்: வேண்டாம், பக்கத்து ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். பழைய பைப்பைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். மெஷின் பக்கம் முக்கால் இஞ்ச் நட்டு. டேப் பக்கம் சிலதில் நட்டு இருக்கும், சிலதில் அழுத்தி மாட்டுகிற கிளிப் இருக்கும். பார்த்து அதே மாதிரி வாங்குங்கள். நீளம் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், விறைப்பாக இழுத்து மாட்டக் கூடாது. மேலே ஸ்டீல் பின்னல் போட்டதும் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் உள்ளே அதே ரப்பர் குழாய்தான் இருக்கும். வீங்கினாலும் வெளியே தெரியாது. அதற்கும் வருடக் கணக்கு உண்டு.

சத்துவாச்சாரி அத்தை: மாமா வாங்கி வந்துவிட்டார். மரையில் டெஃப்லான் (அந்த மெல்லிய வெள்ளை நாடா) சுற்றிவிட்டு மாட்டலாமா என்று கேட்கிறார்.

காட்பாடி அண்ணன்: வேண்டாம் அத்தை. நட்டுக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், தண்ணீரை அடைப்பது அதுதான். மரையில் நாடா சுற்றினால் நட்டு முழுவதும் ஏறாது, வாஷர் சரியாக உட்காராது. சுவரில் டேப் மாட்டுகிற இடத்தில்தான் டெஃப்லான் வேண்டும்.

மாமாவிடம் இதைக் காட்டுங்கள். மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கீழே வாளி வைக்க வேண்டும், பைப்பில் நின்ற தண்ணீர் கொட்டும். மெஷின் பக்கத்தில் பழைய வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். அது இருந்தால் புதியது எப்படி மாட்டினாலும் சொட்டும். மெஷின் வால்வின் மரை பிளாஸ்டிக். கோணலாக ஏற்றினால் மரை போய்விடும், அப்புறம் வால்வையே மாற்ற வேண்டி வரும். அதனால் நேராகப் பிடித்துக் கையாலேயே திருகுங்கள். கை இறுக்கமே போதும். ஸ்டீல் நட்டாக இருந்தால் பிளேயரால் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

சத்துவாச்சாரி அத்தை: [படம்]
கழற்றினோம். மெஷினுக்குள் போகிற துவாரத்தில் ஒரு சின்ன சல்லடை. வெள்ளையாக என்னவோ பிடித்திருக்கிறது.

காட்பாடி அண்ணன்: போர்த் தண்ணீர் உப்பு அத்தை! அதை எடுத்துவிடுங்கள். நடுவில் பிடிப்பதற்கு ஒரு சின்ன முனை இருக்கும், மூக்குப் பிளேயரால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரை மணி ஊறவைத்துப் பழைய பிரஷால் தேயுங்கள். மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். சல்லடை இல்லாவிட்டால் மணல் துகள் வால்வுக்குள் போய் வால்வு மூடாமல் நின்றுவிடும்.

சத்துவாச்சாரி அத்தை: தண்ணீர் நிரம்ப நேரமாகிறது, மெஷின் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்பாடி அண்ணன்: இந்தச் சல்லடையாகத்தான் இருக்கும். மாட்டியதும் டேப்பை மெதுவாகத் திறந்து, இரண்டு முனையையும் துணியால் துடைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் தெரியும்.

சத்துவாச்சாரி அத்தை: ஒரு துவையல் முடிந்தது. தாள் காய்ந்தே இருக்கிறது தம்பி. நல்லா இருப்பா.

காட்பாடி அண்ணன்: சந்தோஷம் அத்தை. இனிமேல் துவைத்து முடித்ததும் டேப்பை மூடிவிடுங்கள். பைப் புதிதாக இருந்தாலும் இதை விடாதீர்கள்.

ஆரணி சித்தி: எங்களுடையதில் கீழே அழுக்குத் தண்ணீர் போகிற பைப்பில் கசிவு இருக்கிறது. அதற்கும் இதே மாதிரியா?

காட்பாடி அண்ணன்: அது வேறு சித்தி. அதில் அழுத்தம் குறைவு, ஆனால் எலி கடிக்கும். உங்கள் வீட்டை ஒட்டி நெல் வயல் இருக்கிறதே, ஓட்டை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்திருந்தால் பைப்பை மாற்றி, மெஷின் அடியில் எலி வலையும் போட வேண்டும். இன்னொன்று. உங்களுடையது மேலே திறக்கிற மெஷின். அதில் பம்ப் இல்லாத மாடல் என்றால் அந்தப் பைப் தரையோடு தாழ்ந்து கிடக்க வேண்டும், தூக்கிக் கட்டினால் தண்ணீர் வெளியேறாது. முன்னால் திறக்கிற மெஷினுக்கு நேர் எதிர். பம்ப் தள்ளுவதால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டும், தரையில் போட்டால் நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானாக வெளியே போய்க்கொண்டிருக்கும்.

ஆரணி சித்தி: பம்ப் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காட்பாடி அண்ணன்: மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள், மாடல் எண்ணை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

குடியாத்தம் பெரியப்பா: எங்கள் மெஷின் பைப்பையும் இப்போதுதான் தடவிப் பார்த்தேன். டேப் பக்கம் நட்டு துருப்பிடித்திருக்கிறது. மெஷினை நகர்த்த இங்கே ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாயா?

காட்பாடி அண்ணன்: காலையிலேயே வந்துவிடுகிறேன் பெரியப்பா. டேப்பிலிருந்து மெஷின் வரை எவ்வளவு தூரம் என்று ஒரு கயிற்றால் அளந்து சொல்லுங்கள், பைப்பை வாங்கிக்கொண்டே வருகிறேன். அதுவரைக்கும் டேப் மூடியே இருக்கட்டும்.