எல்லைப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வந்த காலம்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

சித்தூர்ப்புழை:

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழி வகுப்பில் கணக்கு எடுக்கிறேன். 2018இல் கேரளம் முழுக்க எட்டாம் வகுப்பிலிருந்து 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்களே, அந்தச் சமயம். புரொஜெக்டர், லேப்டாப் எல்லாம் வந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைச் சொல்ல வரவில்லை.

பயிற்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து நானும் சமூக அறிவியல் சாரும் போனோம். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தார். கரும்பலகையில் சாக்பீஸை எடுக்காமலே இந்திய வரைபடம் போடுவார். கட்ச் வளைகுடாவில் தொடங்கினால் கன்னியாகுமரி சுற்றி வங்காளம் போய்த்தான் கை நிற்கும். அதைப் பார்க்கவே பின் பெஞ்சுப் பையன்கள் எழுந்து நிற்பார்கள்.

பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் மலையாளம் அவ்வளவு வேகம். சாருக்குக் கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய மலையாளம் உண்டு, இதற்குப் போதாது. எல்லோரும் லேப்டாப்பைத் திறங்கள் என்றதும் அவரும் திறந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் தலையாட்டும் போதெல்லாம் தானும் தலையாட்டினார். பவர் பட்டனை அழுத்தக் கையை நீட்டினேன். "வேண்டாம்மா. இப்போ போட்டா சத்தம் வரும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க" என்றார்.

அந்த வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. எத்தனை கருவி, எத்தனை வகுப்பறை என்று கணக்குப் போட்டவர்கள், வாங்குகிற கை எந்த மொழியில் சந்தேகம் கேட்கும் என்று ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம்.

லயத்துப் பொண்ணு:

டீச்சர், படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என்னுடையது 2020. அப்போது நான் பத்தாவது. ஜூன் 1ஆம் தேதி கேரள அரசின் கல்வி டி.வி.யான விக்டர்ஸ் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. தமிழ் வழிப் பாடங்களை யூடியூபில் பார்த்தோம். மூணாறு டவுனில் இருந்தவர்களுக்குக் கஷ்டம் இல்லை. எங்கள் எஸ்டேட்டில் சிக்னல் வேண்டுமென்றால் தேயிலைக் காட்டு வழியாக மேலே ஏறி, ரோடு வளைகிற இடத்தில் நிற்க வேண்டும். மழைக்காலம் வேறு. போனை அப்பா பாலிதீன் பையில் சுற்றிக் கொடுப்பார்.

பக்கத்து லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், என்னைவிட ஒரு வகுப்பு கீழே படித்த பெண் குடை பிடிக்க வருவாள். அவள் வீட்டில் பட்டன் போன்தான். ஒருநாள் இயற்பியல் பாடம் நடுவிலேயே சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. "அக்கா, சார் அடுத்து என்ன சொல்லுவாருன்னு நான் சொல்லட்டா?" என்று கேட்டு, மின்தடையைத் தொடராகவும் இணையாகவும் இணைப்பதைக் குச்சியால் மண்ணில் வரைந்தே காட்டினாள். சரியாக இருந்தது. பத்தாம் வகுப்புப் பாடம் அவளுக்கு அத்துப்படி. தன்னுடைய ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை அவள் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பார்க்கப் போன் ஏது?

அதே ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவுதான் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. சிக்னல் என்றால் ஆன்லைன் வகுப்பு மட்டும் என்று நினைப்பவர்களிடம் இதையும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஐ.டி. மாஷ்:

தங்கச்சி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் டீச்சரிடம் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். மொழி தெரியாததால் எதுவும் நடக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் எஸ்.ஐ.டி.சி., அதாவது பள்ளியின் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் மலையாளம், தமிழ் இரண்டு வழியும் உண்டு.

லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐ.டி. மன்றத்தில் ஒரு தமிழ் வழிப் பையன். ஒரு சாயங்காலம் லேபில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டரிலும் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை முதல் பீரியட் மலையாள வழி வகுப்பு. ஒரு பிள்ளைக்கும் ஃபைலைச் சேமிக்கும் இடம் தெரியவில்லை, ஒரே கூச்சல். எச்.எம். வந்து யார் செய்தது என்று கேட்டபோது அவனே எழுந்து நின்றான். "சார், நாங்க தினமும் இப்படித்தான் தேடுறோம். ஒரு நாள் அவங்களும் தேடட்டும்." எச்.எம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து செய்து பாருங்கள். கேரளப் பள்ளிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள், லினக்ஸ். அதனால் ஒரே கம்ப்யூட்டரில் தமிழ் வகுப்புக்கு ஒரு யூசர், மலையாள வகுப்புக்கு ஒரு யூசர் என்று தனித்தனியாகத் திறக்கலாம். உள்ளே போனதும் அவரவர் மொழியில் மெனு வரும். லிப்ரே ஆபீஸ் தமிழில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் விளையாடிக் கற்கும் ஜிகாம்ப்ரிஸ் மென்பொருளும் தமிழில் இருக்கிறது. டைப் பண்ணத் தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றது அது. குறிலும் அகரமேறிய மெய்யும் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பழைய கேள்வித்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். யாராவது உட்கார்ந்து ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால் பள்ளிக்கூடம் இருக்கும் வரை அந்தத் தலைவலி இல்லை. பயிற்சிக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி எச்.எம். மூலமாக எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் நிற்காது.

சித்தூர்ப்புழை:

மாஷ், நீங்கள் சொன்ன யூசர் விஷயத்தை எங்கள் லேபில் நிச்சயம் செய்கிறேன். ஆனால் உங்கள் பையனுக்கு எழுந்து நிற்க வயது இருந்தது, தைரியமும் இருந்தது. முப்பது வருடம் எல்லோரும் "சார்" என்று கூப்பிட்ட ஒருவருக்கு, தனக்கு ஸ்விட்ச் போடத் தெரியாது என்று சக ஆசிரியர்கள் நடுவில் சொல்ல எழுந்து நிற்க முடியாது. எழுத்தில் கேளுங்கள் என்கிறீர்கள். எதைக் கேட்பது என்று தெரிந்தால்தானே எழுதலாம்? பெரியவர்களுக்கு அவர்கள் பள்ளியிலேயே, அவர்கள் வகுப்பிலேயே, கூட ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நகரிக்காரன்:

இரண்டு பேரும் சொல்வது சரிதான். எங்கள் ஆந்திரப் பக்கம் நடந்ததையும் கேளுங்கள். 2022 ஆகஸ்டில் ஆசிரியர் வருகையைப் போனில் முகம் காட்டிப் பதியும் முறை வந்தது. சொந்தப் போன், சொந்த டேட்டா. சங்கங்கள் எதிர்த்தன.

நான் வேலை பார்த்தது தமிழ் வழித் தொடக்கப்பள்ளி. என்னோடு இருந்த அம்மா கண் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வந்தார். போன் அவர் முகத்தை ஏற்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, பிரேயருக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வெளிச்சம் போதவில்லையோ என்று அவர் முற்றத்துக்கு வந்து, வெயிலில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் வழிய வழியப் போனை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிப்போய்த் தன் நோட்டை அவர் நெற்றிக்கு மேலே பிடித்தாள், எட்டாமல் குதித்துக் குதித்து. நிழல் விழுந்ததும் போன் மறுபடி ஏற்கவில்லை.

அந்த அம்மா ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அது ஊருக்கே தெரியும், போனுக்குத் தெரியவில்லை. ஒரு முறையைக் கொண்டு வருகிறபோது, அது வேலை செய்யாத நாளில் என்ன செய்வது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு கையெழுத்து நோட்டு இருந்திருந்தால் போதும்.

மீனாட்சிபுரம் அம்மா:

நான் டீச்சர் இல்லை, ஒரு தாய். சின்ன விஷயம்தான். நம் வழக்கப்படி மகளுக்கு இனிஷியல் முன்னால். பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் பெயருக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள், இங்கே அதுதான் வழக்கம். ஆதாரில் இனிஷியலே இல்லை. பாங்க் பாஸ்புக்கில் முன்னால். உதவித்தொகை வந்து திரும்பிப் போய்விட்டது. கவுண்டரில் இருந்த பையன் திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க, இது மூணு பேர்" என்றான். மகள் என் பக்கத்திலேயே நிற்கிறாள். இந்த வருடம் அவள் ஒன்பதாவது. இப்போது எங்கே போய்ச் சொல்வது?

பழைய கிளார்க்:

அம்மா, ஒன்பதாவது என்றால் நேரம் இருக்கிறது, பயப்பட வேண்டாம். முதலில் எது சரியான பெயர் என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் இருப்பதையே பிடித்துக்கொள்வது நல்லது. ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள், இனிஷியலை விரித்து அப்பா பெயராகவே போட்டுவிட்டால் முன்னால் பின்னால் என்ற குழப்பம் குறையும். பிறகு அந்த ஆதார் நகலோடு எச்.எம்.மிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பள்ளிப் பதிவேட்டிலும், கேரளப் பள்ளிகள் மாணவர் விவரம் ஏற்றும் கம்ப்யூட்டர் பதிவான சம்பூர்ணாவிலும், இரண்டிலும் மாற்றச் சொல்லுங்கள். ஒன்றில் மாற்றி ஒன்றை விட்டுவிடுவார்கள், அதனால் திரையைக் காட்டச் சொல்லி நீங்களே பாருங்கள். கடைசியாகப் பாங்க்.

பத்தாவது தேர்வுப் பட்டியல் சம்பூர்ணாவிலிருந்துதான் எடுக்கிறார்கள். சரிபார்க்க ஒரு பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். அதில் மகளைக் கையெழுத்துப் போடச் சொல்லும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் அச்சாகிவிட்டால் அப்புறம் திருவனந்தபுரத்தில் உள்ள தேர்வு அலுவலகமான பரீட்சா பவன் வரை போக வேண்டிவரும். விண்ணப்பத்தின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் தமிழில் எழுதியதை வாங்க மறுத்தால், நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்க உரிமை உண்டு என்று சொல்லுங்கள், வாங்குவார்கள்.