1976 பிரிசிஷன் பேஸ்: என்ன விலை சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே. தெரிந்தவர் மூலமாக ஒரு பழைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டார் விலைக்கு வந்திருக்கிறது. ஹெட்ஸ்டாக்கில் (கம்பி முறுக்கும் தலைப்பகுதி) எஸ்6 என்று தொடங்கும் எண், அதாவது 1976. உள்ளே வால்யூம் பாட்டில் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) 1377633 என்று இருக்கிறது: 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி செய்த பாட், அப்புறம் 76-ஆம் வருடம், 33-ஆவது வாரம். ஆக வருடம் பொருந்துகிறது. ஆனால் அதை உறுதிசெய்ய நெக்கைக் (கழுத்துப் பகுதி) கழற்றிப் பார்க்க விற்பவர் இன்னும் சம்மதிக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

பாடிக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) ஒரு காயிலையும் யாரோ திரும்பச் சுற்றியிருக்கிறார்கள். ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் வாங்கிய 1965-க்குப் பிறகு வந்த பேஸ் என்பது வேறு, அதற்கு முந்தையவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம். இத்தனைக்கும் பிறகு ஒரிஜினல் விலையைக் கேட்டால் எப்படி? எவ்வளவு குறைத்துக் கேட்பது நியாயம்?

இனி சத்தம். ஈ, ஏ கம்பிகளில் அந்தப் பழைய தடித்த உறுமல் அருமையாக வருகிறது. பழைய ஃபிளாட்வவுண்ட் கம்பியை (மேலே தட்டையாகச் சுற்றியது) மாற்றாமலேயே வாசித்த மோடவுன் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை நினைக்க வைக்கும் சத்தம். டி, ஜி இரண்டும் மெலிந்து கேட்கின்றன. இந்த மாடலில் இரண்டு கம்பிக்கு ஒரு காயில் என்பதால் சுற்றிய வேலை மேல்தான் சந்தேகம். பிக்கப் உயரத்தைச் சரிசெய்தாலே போதுமா, இல்லை மல்டிமீட்டரில் இரண்டு காயிலின் ரெசிஸ்டன்ஸையும் தனித்தனியாக அளக்க வேண்டுமா? எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை?

எழுபதுகளின் பிரிசிஷன் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். எடையையும் சொன்னால் நல்லது, இது தோளை இறக்குகிறது.